பராமரிப்புக் குறை

பேரிங்குக்கு கிரீஸ் வைக்கக் காலை நேரம்தான் சரி. மோட்டார் சூடாவதற்கு முன்னால் வைத்தால், உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்காரும். மத்தியானம் வைத்தால் உருகிக் கீழே வழிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மட்டும் நிறைய வைத்த மாதிரி தெரியும். இதைச் சொல்லவா ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. ஒன்பது வருஷம் நான் காலை ஏழு மணிக்குத்தான் கிரீஸ் வைத்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

என் பெயர் தனிஸ்லாஸ். வீடு விளாங்குடியில். சமயநல்லூர் தாண்டி உள்ள துணி அரைக்கும் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன். தையல் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் மிஞ்சுகிற வெட்டுத் துணியையும் பழைய துணியையும் லாரியில் கொண்டுவந்து அங்கே கொட்டுவார்கள். பெண்கள் உட்கார்ந்து பொத்தான், ஊக்கு எல்லாவற்றையும் பிரித்தெடுப்பார்கள். அப்புறம் துணி மிஷினுக்குள் போகும். இரண்டு சின்ன உருளைகள் அதைக் கவ்விப் பெரிய உருளைக்குக் கொடுக்கும். பெரிய உருளை ஆள் உயரம் இருக்கும். அதைச் சுற்றிலும் விரல் நீளத்துக்கு எஃகுப் பற்கள், நாலாயிரத்துக்கும் மேலே. இந்தப் பக்கம் சேலையாகப் போவது அந்தப் பக்கம் பஞ்சாக வரும். மெத்தைக்கு அடைப்பதற்கு அந்தப் பஞ்சை வாங்கிப் போவார்கள்.

அங்குள்ள பெண்கள் அதைப் பேய் மிஷின் என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதைப் போலச் சாதுவான மிஷின் கிடையாது. சின்ன உருளைகளுக்கு மேலே ஒரு இரும்பு மூடி உண்டு. மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். மூடியைத் திறந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. திறந்திருக்கும்வரை பச்சைப் பொத்தானை யார் அமுக்கினாலும் மிஷின் ஓடாது. பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டால் அந்த சுவிட்ச் கெட்டுப்போகும். அதனால் சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றி, சைக்கிள் பம்பால் ஊதி, துடைத்து மாட்டுவேன். ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோதும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய்ச் செய்துவிட்டு வந்தேன். சைக்கிளை மிதித்தவன் காளை.

காளைதான் மிஷினுக்குத் துணி கொடுக்கிறவன். முப்பது வயசு இருக்கும். அந்தக் காமாலைக்குப் பத்து நாள் கீழாநெல்லி பறித்து அரைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். என் மனைவி சூசையம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. நீங்கள் அப்படி ஏதாவது எழுதினால் தவறாகிவிடும்.

எழுபத்து நாலில் நான் சேர்ந்தேன். எண்பத்து மூன்றுவரை அந்த மில்லில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வேறு மில்களில் மூன்று விரலோடும் நாலு விரலோடும் வேலை பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மில்லில் எல்லோருக்கும் பத்து விரல். யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். உடைந்ததைச் சரிசெய்கிறவனுக்கு நன்றி சொல்வார்கள். உடையாமல் பார்த்துக்கொள்கிறவன் சும்மா நிற்கிறவன் மாதிரிதான் தெரிவான்.

எண்பத்து மூன்று ஆனியில் ஆண்டிச்சாமி என்கிற புது மேனேஜர் வந்தார். ஒரு வாரம் நான் வேலை பார்ப்பதைப் பார்த்தார். பிறகு பெண்கள் துணி பிரிக்கிற இடத்தில், எல்லோர் முன்னாலும் வைத்துக் கூப்பிட்டார்.

"என்ன தனிஸ்லாஸ், இங்கதான் ஒண்ணுமே நடக்கலையே. தினம் அரைமணி நேரம் மிஷின நிப்பாட்டித் தொடைக்கிற. ஆவணி பொறந்ததும் வாரத்துக்கு ஒரு நா வா, போதும்."

"ஒண்ணும் நடக்காம பாத்துக்கிறதுதான் சார் என் வேலை," என்றேன்.

"அப்ப நீ வேலை பாக்குறியா இல்லையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சிரித்தார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் நாலைந்து நாள் அதையே யோசித்தேன். தினப்படிப் பராமரிப்பை நிறுத்தினால் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ யாருக்காவது கை போகும். யாருக்கு, எந்த அளவுக்கு என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று நடந்தால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஒரு விரல், அதுவும் நுனி. பிறகு யார் கையும் போகாது. கணக்குப் பார்த்தால் அதுதான் எல்லோருக்கும் நல்லதாகப் பட்டது.

ஏன் காளை என்று கேட்கிறீர்கள். துணி கொடுக்கிறவர்கள் இரண்டே பேர், ஐயா. இன்னொருவன் சங்கிலி. துணி சிக்கிக்கொண்டால் சங்கிலி நேராகப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் மூடியைத் திறப்பான். நான் பக்கத்தில் நின்று, "சுவிட்ச் நல்லாயிருக்குப்பா," என்று சொன்னாலும் கேட்க மாட்டான். "இருக்கட்டும்ணே, என் கை என் மடியில இருக்கிற மாதிரி," என்பான். அது பல வருஷமாக எனக்கு ஓர் அவமானம். காளை அப்படி இல்லை. நான் சொன்னால் போதும், கையை விடுவான்.

ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலையில் கிரீஸ் வைத்துவிட்டு, சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே உள்ள இரண்டு திருகுகளையும் ஒரு துண்டு செம்புக் கம்பியால் இணைத்தேன். நெல்மணி நீளம்கூட இல்லை. அது இருந்தால் மூடி திறந்திருந்தாலும் மிஷின் ஓடும்.

பதினொரு மணிவாக்கில் ஒரு நைலக்ஸ் சேலைத் துண்டு சின்ன உருளையில் சுற்றிக்கொண்டது. காளை சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பெரிய உருளை முழுக்க நிற்கும்வரை காத்திருந்தான். அதெல்லாம் சரியாகச் செய்கிறவன்தான். மூடியைத் தூக்கினான். நான் பொத்தான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அண்ணே, கைய விடட்டா?"

"விடுப்பா."

அவன் இடது கையை விட்டான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வலது கை தப்பியது என்று நினைத்தேன். சேலைத் துணியைப் பிடித்து இழுக்க வசதியாக மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அதையும் பார்த்தேன். நான் பச்சைப் பொத்தானை அமுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி, சிவப்பை அமுக்கினேன்.

பெரிய உருளை ஓட ஆரம்பித்துவிட்டால், கரண்டை நிறுத்தினாலும் நிற்க அரை நிமிஷத்துக்கு மேலே ஆகும். எனக்கு அது தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அந்த மிஷினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் ஒரு விரல் நுனியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோள்வரை போய்விட்டது. அவன் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, ஓடுதுண்ணே," என்றான். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னான். துணி ஏற்றிவந்த லாரியிலேயே படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். விளாங்குடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. லாரி புறப்படுவதற்கு முன்னால், எல்லோரும் அதைச் சுற்றி நின்றபோதே நான் கம்பியை எடுத்துவிட்டேன்.

திரும்பும்போது என் தோள் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆண்டிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பராமரிப்புக்கு அரைமணி நேரம் இருந்தது ஒரு மணி நேரமாயிற்று. என் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. ஒரு வருஷமாக யாருக்கும் கீறல் இல்லை. நான் நினைத்தபடிதான் எல்லாம் நடந்தது, காளை விஷயம் ஒன்றைத் தவிர.

நான் இன்றைக்கு வந்ததற்குக் காரணம் வேறு. போன வாரம் தொழிற்சாலை இலாகாவின் விசாரணை அறிக்கை வந்தது. அதிகாரி அந்தச் சுவிட்சைப் பத்துத் தடவை சோதித்திருக்கிறார். பத்துத் தடவையும் வேலை செய்திருக்கிறது. ஆனாலும், உள்ளே தூசி அடைத்து அன்றைக்கு மட்டும் செயலற்றுப் போயிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். விபத்துக்குக் காரணம், பராமரிப்புக் குறை. டைப் அடித்து, கீழே கையெழுத்தும் சீலும் வைத்திருக்கிறது.

காளையின் மனைவி அழகம்மாள் இப்போது எங்கள் மில்லில்தான் துணி பிரிக்கிறாள். இரண்டு பெண்பிள்ளைகள். அறிக்கையில் இருப்பதை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னைத் தேடிக்கொண்டு மிஷின் பக்கம் வந்தாள்.

"அண்ணே, ஒங்களப் பத்தி என்னமோ எழுதியிருக்காகளாம். மனசு ஒடஞ்சு போயிராதீக. மனுசந்தான, அம்புட்டு வேலையில ஒரு நா மறந்திருப்பீக. அவுக இருந்தாலும் ஒங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாக."

"நான் மறக்கலம்மா," என்றேன்.

"சரிண்ணே, விடுங்க," என்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. மறந்திருப்பேனாம். ஒன்பது வருஷத்தில் நானூற்று அறுபதுக்கும் மேலே சனிக்கிழமைகள். எந்தச் சனிக்கிழமையை மறந்தேன் என்று அந்த அதிகாரி காட்டட்டும்.

மில்லில் நடந்த விபத்து என்று ஆனதால்தான் அழகம்மாளுக்கு அங்கே வேலை கிடைத்தது. நான் இதைச் சொன்னால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதையும் யோசித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஒருத்தி பிழைப்பது நல்லதில்லையே.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம். அவர் கேட்டுக்கொள்வார், எழுதிக்கொள்ள மாட்டார். அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் எழுதுகிற காகிதத்தின் ஒரு பிரதி அந்த அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் தன் அறிக்கையைத் திருத்த வேண்டும்.

கம்பி வைத்தது நான். பொத்தானை அமுக்கியது நான். காளையைக் கொன்றது நான்தான், ஐயா. மிஷின் நல்ல நிலையில் இருந்தது.