ஞாயிற்றுக்கிழமை இழுவை

கையில் படிந்த டீசல் கறை சோப்புக்குப் போகாது. சர்க்கரையில் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போய்விடும். சபை மூப்பர்களாகிய உங்களில் மூன்று பேர் விவசாயிகள், உங்களுக்கு இது தெரியும். நான்காமவர் ஆசிரியர் வெஸ்லி. அவருக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உள்ளே வந்தபோது அவர் என் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாளில், டிராக்டர் இழுவைப் போட்டியில் கலந்துகொண்டது ஏன் என்று விளக்கம் கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னால் போய்த் தொடங்கினால்தான் நியாயமாக இருக்கும்.

டிராக்டர் என் மாமனார் கெரிட்டுடையது. அவருக்குக் கல்யாணமான வருஷம் புதிதாக வாங்கியது. அந்த வருஷம் அவர் எதை அதிகம் தடவிக் கொடுத்தார் என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெரிய வண்டிகள் வந்தன, இது மக்காச்சோளக் களஞ்சியத்துக்குப் பின்னால் புல்லில் கிடந்தது. ஸ்டீயரிங் வளையத்துக்குள் ஒரு எல்ம் மரக்கன்று முளைத்து வளர்ந்துவிட்டது. கெரிட்டின் நுரையீரல் கெட்டு, மருத்துவர் அவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிய பிறகுதான் அவருக்கு அந்த வண்டியின் ஞாபகம் வந்தது.

நான் விதை விற்பவன். மார்லிஸைக் கட்டி இத்தனை வருஷத்தில் அவள் அப்பா என்னை ஆர்லின் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"டேய் விதைக்காரா," என்றார் ஒருநாள். "அந்த வண்டிய எழுப்பி நிறுத்த முடியுமாடா உன்னால? இல்ல, பாக்கெட்டக் கிழிச்சு விதை கொட்டத்தான் தெரியுமா?"

"எதுக்கு, கெரிட்?"

"எதுக்கா? எதிர் வீட்டு ஹார்வி வருஷா வருஷம் சந்தை இழுவைப் போட்டியில என்னை மண்ணக் கவ்வ வைக்கிறான்டா. நான் கண்ண மூடறதுக்குள்ள அவன் மூஞ்சி தொங்கறத ஒரு தடவை பாத்துடணும். அப்புறம் எப்ப வேணா போறேன்."

ஒரு வயதான மனிதரின் கடைசி ஆசை. கிறிஸ்தவன் எவனும் தட்டிக்கழிக்க மாட்டான். நான் செய்ததெல்லாம் இந்த ஆசைக்காகத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

மரக்கன்றை அறுத்தேன். பிஸ்டன்கள் துருவில் இறுகிப்போயிருந்தன, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தட்டித் தட்டி விடுவித்தேன். டீசல் பம்பைத் திறந்து அதிகம் பாயும்படி திருகினேன். வண்டியின் மூக்கில் இரும்புப் பாளங்களைத் தொங்கவிட்டேன், இல்லாவிட்டால் இழுக்கும்போது முன்சக்கரம் எழும்பிக் குதிரை மாதிரி நின்றுவிடும். கெரிட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் பிடிக்கிற ஸ்பேனர் எல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் அது நல்ல காலம்.

வெஸ்லி இழுவைப் போட்டி பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் ஒரு பளுவண்டியைப் பூட்டுவார்கள். போகப் போக அதன் மேலிருக்கும் பாரம் முன்னால் நகர்ந்து வந்து மண்ணில் அழுத்தும். அதனால் ஒவ்வோர் அடிக்கும் கனம் கூடும். கடைசிக் கோடுவரை இழுத்தால் முழு இழுவை. பாதியில் நின்றால், நின்ற இடம்தான் கணக்கு. காரணம் கேட்க மாட்டார்கள். இந்தக் கண்டிப்பு எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

எங்கள் வண்டி நன்றாகத்தான் இழுத்தது, ஆனால் புகைக்குழாயில் கன்னங்கரேலென்று கக்கியது. ஜனங்கள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். விஷயம் தெரிந்தவன் தட்ட மாட்டான். கறுப்புப் புகை என்றால் டீசல் எரியாமல் வீணாகிறது, எரிவதற்குக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். காற்றைத் திணிக்கும் பெரிய சுழலி மாட்ட எங்கள் பிரிவில் அனுமதி இல்லை. ஒருநாள் பிற்பகல் என்ன செய்வது என்று யோசித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கொட்டகையில் ஒரே அமைதி, கெரிட்டின் ஆக்ஸிஜன் உருளையிலிருந்து வரும் சீறல் மட்டும்தான். அந்தக் கொட்டகையில் காற்றுப் போதாதவை இரண்டு இருந்தன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றின் மூக்கில் இருந்தது.

உருளைகளை மருந்துக்கடை வேன் வீட்டில் கொண்டுவந்து இறக்கும். மாற்றி மாட்டுவது என் பொறுப்பு, மார்லிஸுக்கு இரும்பு கனம். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை மூன்றில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றரையில் வைத்தால் ஓர் உருளை இரண்டு மடங்கு நாள் வரும், இன்னொன்று மிச்சமாகும். நான் எதையும் திருடவில்லை. மிச்சம் பிடித்தேன். சிக்கனம் இந்தச் சபையில் நற்குணமாகத்தான் போதிக்கப்பட்டிருக்கிறது.

மிச்சமான உருளையை இருக்கைக்கு அடியிலிருந்த கருவிப்பெட்டியில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் பொருத்தி, மெல்லிய குழாய் ஒன்றை எஞ்சின் காற்று வாங்குமிடத்துக்கு இழுத்துவிட்டேன். மேய்ச்சல் நிலத்தில் பளுவுக்குக் கல் உருளையைப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். வால்வைத் திறந்ததும் புகை வெளுத்தது. எஞ்சின் தொண்டையைச் செருமிவிட்டுப் பாட ஆரம்பித்த மாதிரி இருந்தது. கெரிட் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு நாற்காலியோடு சாய்ந்தார். தூக்கி உட்கார வைத்தேன்.

"எப்படிடா பண்ண?" என்றார், மூச்சு திரும்பியதும்.

"பம்ப்புல சின்ன வேலை."

"பரவாயில்லையே, விதைக்காரா. ஆமா, இந்தக் குழாய்ல காத்து வருதா, இல்ல சும்மா மூக்குல தொங்குதா?"

"வருது. நீங்க கோவப்படாம இருந்தா போதும்."

அது பொய் இல்லை. வந்துகொண்டுதான் இருந்தது.

அவர் நிலைமை கொஞ்சம் இறங்கியது உண்மை. வாசல் படி ஏற முடியவில்லை. உதட்டில் நாவற்பழம் தின்ற மாதிரி ஒரு நிறம். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது ஓய்வுநாளைப் பற்றி, ஆகையால் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரிடமிருந்து எதையும் எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புல் வெட்ட மாட்டோம், துணி துவைக்க மாட்டோம், ஸ்பேனரைத் தொட மாட்டோம். மிச்சம் பிடிப்பதும் வேலைதான். ஆகவே சனி இரவு படுக்கப் போகும்போது திருகை மூன்றுக்கு ஏற்றிவிடுவேன், திங்கள் காலையில் இறக்குவேன்.

இதனால் கெரிட் ஞாயிறுதோறும் எழுந்து உட்கார்ந்தார். ஆராதனையில் சங்கீதம் பாடினார், நீங்களே கேட்டீர்கள். இடைவேளையில் ஹார்வியோடு சண்டை போட்டார், அதையும் கேட்டீர்கள். திங்கட்கிழமை மறுபடி படுத்துவிடுவார். மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மார்லிஸுக்குத்தான் முதலில் பட்டது.

"பிரசங்கம்தான் ஆர்லின். அப்பாவைப் பிரசங்கம் தூக்கி நிறுத்துது," என்றாள், கண்ணெல்லாம் மின்ன.

போதகர் வெர்மேரிடம் சொன்னாள். அவர் தன்னடக்கமானவர், இரண்டு நாள் நம்ப மறுத்தார். பிறகு பிரசங்கம் நீளத் தொடங்கியது, உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும், சாப்பாடு ஆறிப்போகிறதென்று உங்கள் மனைவிமார் முணுமுணுத்தார்களே. ஒலிப்பதிவு செய்து கொடுத்தார். மார்லிஸ் திங்களும் செவ்வாயும் அப்பாவின் காதருகே அதை ஓடவிட்டாள். பலனில்லை. நேரடிக் குரல்தான் வேண்டும் போலிருக்கிறது என்று போதகரே ஒரு புதன்கிழமை வீட்டுக்கு வந்து பிரசங்கித்தார். அந்த நல்ல மனிதரின் மனம் நோகக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் திருகை மூன்றுக்கு ஏற்றினேன். கெரிட் எழுந்து உட்கார்ந்து ஆப்பிள் பை பலகாரம் கேட்டார். போதகர் சமையலறைக்குப் போய் அழுதார். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

போட்டி சனிக்கிழமை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பெயர் கொடுத்தது சனிக்கிழமைப் போட்டிக்கு. பரிசோதகர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. முதல் சுற்றில் முழு இழுவை போட்டோம். ஹார்வியும் முழு இழுவை. இரண்டு பேரும் முழு இழுவை என்றால் பளுவைக் கூட்டி மறுபடி இழுக்க வேண்டும். கூட்டிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டிவிட்டது. மண் சேறாகிவிட்டதால், நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"அப்பா, நாளைக்கு ஓய்வுநாள்," என்றாள் மார்லிஸ்.

"பள்ளத்துல விழுந்த மாட்ட ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துலயே போட்டிருக்கும்மா," என்றார் கெரிட். "நான் எத்தனை வருஷமா ஹார்வி வெட்டின பள்ளத்துல கிடக்கேன் தெரியுமா?"

காலை ஆராதனைக்குப் போய்விட்டுத்தான் போட்டிக்குப் போனோம். மாலை ஆராதனைக்குத் திரும்பிவிடுவதாக இருந்தோம். மைதானத்தில் கெரிட்டின் சக்கர நாற்காலியைக் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் கயிற்றை ஒட்டி நிறுத்தினோம். அப்போதுதான் கவனித்தேன், காரில் வேறு உருளையே இல்லை. நாற்காலியில் மாட்டியிருந்த ஒன்றுதான்.

"மாத்து உருளை எங்க?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைதானே," என்றாள் மார்லிஸ். "ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு என்ன ஆகும்? சும்மா எதுக்குச் சுமக்கணும்னு விட்டுட்டு வந்தேன்."

நான் அவளைக் குறை சொல்லவில்லை. விசுவாசத்தால் செய்தாள். ஆனால் என் சங்கடத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். சேர்த்து வைத்த உருளைகளெல்லாம் சோதனை ஓட்டத்திலும் சனிக்கிழமையிலும் தீர்ந்துவிட்டன. பெட்டியில் இருந்தது காலி. ஹார்வி முதலில் இழுத்தார், கோட்டுக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றுபோனார். அது அபாரமான இழுவை. வெறும் காற்றை வைத்துக்கொண்டு எங்கள் வண்டி அதைத் தாண்டவே தாண்டாது, புகை மட்டும்தான் வரும்.

மார்லிஸ் எலுமிச்சைச் சாறு வாங்கப் போனாள். நான் காலி உருளையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கெரிட்டிடம் வந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். அவர் கை சூடாக இருந்தது, நிறமும் நன்றாக இருந்தது.

"ஆர்லின்," என்றார். "தோத்தாலும் பரவாயில்லடா. இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டியே. எனக்கு ஒரு பையன் பொறந்திருந்தா இதுக்கு மேல என்ன செஞ்சிருப்பான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பத்துப் பேர் நடுவில் நின்று அழுதேன். அப்படிச் சொன்ன மனிதரை எப்படித் தோற்கவிடுவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அவர் உருளையைக் கழற்றிக் காலி உருளையை மாட்டினேன்.

"என்னடா பண்ற?"

"சரிபாக்கறேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கயும் பாக்காம என்னையே பாத்துக்கிட்டிருங்க."

அவர் உருளையைக் கருவிப்பெட்டியில் பொருத்தினேன். பச்சைக்கொடி அசைந்தது. வால்வை முழுக்கத் திறந்தேன். அந்தக் கிழட்டு வண்டி அப்படி ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஆனால் ஞாயிறு என்பதால் நீங்கள் வரவில்லை, அது சரிதான். புகையே இல்லை, சூட்டில் அலையும் காற்று மட்டும். பாதித் தூரம் தாண்டியதும் கெரிட்டைப் பார்த்தேன். சட்டைக் கழுத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்புக் கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் உற்சாகத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்துத் தாங்களும் தொப்பியை ஆட்டினார்கள். ஹார்வி மட்டும் ஏதோ புரிந்துகொண்டு, கயிற்றைத் தாண்டி அவரிடம் ஓடினார்.

எனக்கும் புரிந்தது. நான் அதை மறைக்கவில்லை. இழுவையில் சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும், ஆனால் கொடிக்காரரின் சிவப்பு மட்டும்தான் செல்லும், பார்வையாளர் காட்டுவது செல்லாது. கொடிக்காரரைப் பார்த்தேன். அவர் பச்சையையே பிடித்துக்கொண்டிருந்தார். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குழாயைப் பிடுங்கி உருளையோடு ஓடியிருந்தால், அதில் அவருக்குப் போதுமான அளவு இருந்திருக்கும். ஆனால் நின்ற இடம்தான் கணக்கு. நான் கோட்டைத் தாண்டினேன். முழு இழுவை. தாண்டிய பிறகுதான் எஞ்சின் வெடித்தது.

வயசான நுரையீரல் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். போதகர் அடக்க ஆராதனையில், ஓய்வுநாளின் வல்லமையையும் அதை மீறினால் வருவதையும் பற்றி உருக்கமாகப் பேசினார். அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஆகவே சபை முன்னால் ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு நான் இயந்திரம் ஓட்டினேன், அது பாவம், மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதெல்லாம் ஒரு மகன் தகப்பனுக்குச் செய்தது. எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது, ஜெயித்ததை அவர் பார்த்தாரா இல்லையா என்று. மார்லிஸிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்து, "அப்பா கண்ண நான்தான் மூடினேன், அதுவரைக்கும் திறந்தேதான் இருந்தது," என்றாள். அது போதும் எனக்கு.