திருப்பிச் சொன்னவள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மேடம். உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிக்கு பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை லேசாக ஒரு சத்தம் வருகிறது, கவனித்தீர்களா? இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பிறகு ஒருநாள் நின்றுவிடும். அப்போது எல்லோரும் நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது என்பார்கள். நேற்று வரை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு.

என் பெயர் உதயகுமார். ஐயம்பேட்டைக்காரன். தாமல் ஏரிக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில், மொட்டை மாடியில் பெரிய வெள்ளைத் தட்டு வைத்த கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் பலர் அதைக் கேபிள் டி.வி. ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், போகட்டும். அது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தரைநிலையம். வாஷிங் மெஷின் அளவில் எட்டுச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றுகின்றன. எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர், எந்த மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அளந்துகொண்டே போகின்றன. அந்த அளவுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். அந்த எட்டும் உடம்பு சுகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒவ்வொன்றும் எங்கள் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பேட்டரி எப்படி, சூடு எவ்வளவு, முகம் சூரியனைப் பார்த்து இருக்கிறதா என்று பார்த்து, தேவையான கட்டளையை மேலே அனுப்பிவிட வேண்டும்.

எங்கள் முறை ஒன்று உண்டு. அது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் உங்களுக்குப் புரியாது. ஒருவர் படிப்பார், ஒருவர் செய்வார். படிப்பவர் திரையைப் பார்த்து, இந்த நம்பருக்கு இந்தக் கட்டளை என்று வாய்விட்டுச் சொல்வார். செய்பவர் சுவரைப் பார்த்த மேசையில், திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார். படித்தவர் "சரி" என்றால்தான் கட்டளை மேலே போகும். இந்தப் பேச்சு எதிலும் பதிவாவதில்லை. சந்தேகம் வந்தால் செய்பவர் திரும்பித் திரையைப் பார்க்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். நான் பார்ப்பேன். எல்லோரும் பார்ப்பார்கள். நீலாம்பாள் மட்டும் பார்க்கமாட்டாள்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் இருப்பவர் உடலை நெய்வார், ஓரத்தில் இருப்பவர் கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார். பள்ளிக்கூடம் படிக்கும்போது நீலாம்பாள் அப்பாவுக்கு ஓரத்தில் உட்கார்ந்தவள். "பக்கத்துல இருக்கிறவன் கையத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அப்பா சொல்வாரு சார்," என்றாள் ஒருமுறை. "பாத்தா அவன நம்பலைன்னு அர்த்தமாம். நம்பாதவன்கூட ஒரே தறியில எப்படி உக்கார்றதுன்னு கேப்பாரு."

நல்ல வளர்ப்பு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

இனி ஐந்தாம் நம்பர் விஷயம். சென்ற ஆடியில் ஒருநாள் நீலாம்பாள் வரத் தாமதமானது. மூன்றாம் நம்பருக்குப் போக வேண்டிய ஒரு கட்டளையை நான் தனியாக உட்கார்ந்து ஐந்தாம் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். அது சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. பேட்டரி இறங்க ஆரம்பித்தது. அடுத்த தடவை அது தலைக்கு மேல் வந்தபோது நீலாம்பாள் வந்திருந்தாள். உட்கார்ந்து, பதறாமல், அதைப் பழையபடி திருப்பி வைத்தாள். இன்னொரு சுற்றுப் போயிருந்தால் அது செத்திருக்கும். எங்கள் தலைவி சந்தியா மேடம் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியல மேடம். அதுவா திரும்பிக்கிச்சு போல. சார்தான் மொதல்ல பாத்தாரு."

பிறகு படிக்கட்டில் என்னிடம் தனியாக வந்து, "வுடுங்க சார். யாருக்குத்தான் கை தவறாது? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்று சிரித்தாள். மறுநாள் எல்லோருக்கும் வரதராஜர் கோயில் இட்லி வாங்கிவந்து, எனக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள்.

அந்த இட்லியை நான் சாப்பிட்டேன் மேடம். மிளகு தூக்கலாக நன்றாகவே இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவள் திட்டியிருந்தால், சந்தியா மேடத்திடம் போட்டுக்கொடுத்திருந்தால், சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள். "காலை வணக்கம் சார்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் உன் மானம் என் கையில் இருக்கிறது என்று எனக்குக் கேட்கும். அவள் அப்படி நினைக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆவணியில் சந்தியா மேடம் ஒரு செய்தி சொன்னார். இன்னும் நான்கு செயற்கைக்கோள்கள் மேலே போகப்போகின்றன, தை மாதத்திலிருந்து அந்தப் பிரிவுக்கு நீலாம்பாள்தான் பொறுப்பு. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நானும் கைதட்டினேன். அவள் என் பக்கத்தில் வந்து, "சார், எனக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. எங்க தெருவுல யாரு கேட்டாலும் அப்பா வானத்தக் கை காட்றாரு," என்றாள். கண் கலங்கியிருந்தது.

மறுவாரம் ஆரம்பித்தேன்.

"மூணாம் நம்பர், ஹீட்டர் ஆஃப்," என்று படித்தேன்.

"மூணாம் நம்பர், ஹீட்டர் ஆஃப்," என்று திருப்பிச் சொன்னாள்.

நான் 'சரி' சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "ஆன்னுதானேம்மா சொன்னேன்?" என்றேன்.

"ஆஃப்னு காதுல வுழுந்துச்சு சார்."

"ஆன் மா."

"சாரி சார். மூணாம் நம்பர், ஹீட்டர் ஆன்."

அவ்வளவுதான் செய்தேன். நான் படிக்கும்போதே திரும்பியிருந்தால் திரையில் 'ஆன்' என்று இருந்ததைப் பார்த்திருப்பாள். திரும்பவில்லை. தப்பான கட்டளை ஒன்றுகூட மேலே போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எட்டுக்கும் ஒரு கீறல் விழவிடமாட்டேன். அதில் நான் கறார்.

தினமும் செய்யவில்லை. ஒரு மாற்றம் செய்தால் அதன் விளைவு தெரியும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் பாடம். நான் பொறுமையாகப் பார்த்தேன். முதலில் அவள் டீ குடிப்பதை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். பிறகு வீட்டில் அப்பா கூப்பிட்டால்கூட, "என்னையா கூப்ட்ட?" என்று கேட்க ஆரம்பித்தாளாம். எட்டுக்குப் பதிலாக நான் ஒன்பதைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவதன் பேட்டரி சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

நான்தான் காது டாக்டரிடம் போகச் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன். ரிப்போர்ட்டோடு வந்தாள்.

"காது நல்லா இருக்குதாம் சார்." ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்தாள். "அப்ப தப்பு எங்க சார்?" என்று விரலை நெற்றிப்பொட்டில் வைத்துக் கேட்டாள்.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

சந்தியா மேடத்திடம் நானே போய்ப் பேசினேன். நீலாவுக்கு ஓய்வு தேவை, தை மாதப் பொறுப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம், பாவம் நல்ல பெண் என்றேன். மேடம் என் நல்ல மனதைப் பாராட்டினார். அதைக் கேட்டு நீலாம்பாள் அழவில்லை. "நீங்க சொன்னதே நல்லது சார். நான் எதுனா தப்பா அனுப்பி ஒரு கோள் செத்துப்போச்சுன்னா?" என்றாள். அந்த எட்டையும் அவளுக்கும் அவ்வளவு பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்று.

கார்த்திகையில் அவளுடைய அப்பா மாணிக்கவாசகம் நிலையத்துக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பொண்ணு ரோட்டத் தாண்டவே பயந்துக்கினு நிக்குது சார். வண்டி வருதா இல்லையான்னு அதுக்கே சந்தேகம். பஸ் ஸ்டாப் வரைக்கும் நீங்க கொஞ்சம் கூட இருந்து பாத்துக்கங்க. உங்களத்தான் சாமி மாதிரி நினைச்சிக்கினு இருக்குது."

செய்தேன். எங்கள் கட்டடம் சாலைக்கு இந்தப் பக்கம், காஞ்சிபுரம் போகும் பஸ் நிற்பது அந்தப் பக்கம். தினமும் சாயங்காலம் அவளுடைய பையை நான் தூக்கிக்கொள்வேன். வண்டிகள் வரும் வலது பக்கமாக நான் நிற்பேன். நிலையத்து முறையையே சாலைக்கும் கொண்டுவந்தது அவள்தான். நான் பார்த்து, "காலி" என்பேன். அவள் தலையைத் திருப்பாமல், "காலி" என்பாள். நான் "சரி" என்றதும் இருவரும் தாண்டுவோம். பல நாள் பத்திரமாகக் கொண்டுபோய்விட்டேன். பஸ் ஏறும்போது தினமும் நன்றி சொல்வாள்.

அந்த வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. குடை என் கையில். சாலை ஓரத்தில் நின்றபோது அவள் திடீரென்று சொன்னாள்:

"இப்பதான் சார் எனக்குப் புரியுது. அஞ்சாம் நம்பரத் திருப்பிட்டு நின்னீங்களே, அன்னிக்கு உங்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? நம்ம கைமேலயே நமக்கு நம்பிக்கை போயிட்டா எவ்ளோ கஷ்டம். எனக்கு அப்ப தெரியல. பாவம் சார் நீங்க."

அவளை அந்த நிலைக்குக் கொண்டுவர நான் எத்தனை மாதம் பாடுபட்டேன் மேடம். அந்தக் குழிக்குள் இருந்துகொண்டும் அவள் எனக்காகப் பரிதாபப்பட்டாள்.

வலது பக்கம் பார்த்தேன். ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. முகப்பு விளக்கு எரிந்தது. அந்த ஓட்டுநர் ஜான்சனை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களாம், அவரை விட்டுவிடுங்கள். அவர் ஹாரன் அடித்தார். நன்றாக நீளமாக அடித்தார்.

"ஹாரன் மாதிரி கேக்குதே சார்?" என்றாள்.

"இல்லம்மா. ஒன்னும் இல்ல. காலி."

ஒரு நொடி தயங்கினாள். தன் காதை நம்புவதா என் வாயை நம்புவதா என்று யோசித்திருப்பாள். தலையைத் திருப்பவில்லை.

"காலி," என்றாள்.

"சரி," என்றேன். அந்தச் 'சரி'யைச் சொல்லாமல் விட எனக்கு நேரம் இருந்தது. சொல்லிவிட்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவளுடைய பை என் கையில் இருந்ததை ஓடிவந்தவர்கள் பார்த்தார்கள். நான் அவளைப் பிடித்து இழுத்தேன், பைதான் கையோடு வந்தது என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போனதும் நிலையத்துக்குத் திரும்பினேன். ஐந்தாம் நம்பர் வருகிற நேரம், பார்க்க வேறு ஆள் இல்லை. அது நலமாக இருந்தது.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். எனக்குப் பொறாமை என்பதே கிடையாது. அவளைவிட எனக்கு அனுபவம் அதிகம், நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நானாக ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. நேற்று மாணிக்கவாசகம் உங்களிடம் எழுதிக்கொடுத்தாராமே, மகள் புத்தி கலங்கித் தானாகப் போய் விழுந்தாள், சார் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தார், அவரை விசாரணை என்று அலையவிடாதீர்கள் என்று. முதலில் மகள், இப்போது அப்பா. அந்த வீட்டுத் தயவில் இன்னொரு முறை வாழ என்னால் முடியாது மேடம். அவளுக்குப் புத்தியும் கலங்கவில்லை, காதிலும் குறையில்லை. நான் சொன்னதை அவள் ஒருமுறைகூடத் தப்பாகத் திருப்பிச் சொன்னதில்லை. கொன்றது நான்.

மாணிக்கவாசகம் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னைத் தன் டி.வி.எஸ்.ஸில் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக வந்திருக்கிறார். உள்ளே கூப்பிடுங்கள். நான் சொன்னதை நீங்கள் அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் நான் "சரி" என்கிறேன், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.