மொட்டைக்கு விழுந்த கும்பிடு

சுதா: ...அந்தத் தாமரை மொட்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கினியே பாவா, அதை எந்தக் கணக்குல சேக்கறது?

ராஜவேலு: மூச்சு வாங்குது சுதா. படி ஏறும்போதாவது சும்மா வாயேன்.

சுதா: முந்நூத்தி அறுவத்தஞ்சு படி. பேசாம எப்படி ஏறுறதாம்? காவி வேட்டி, காவித் துண்டு, மொட்டை, மீசையும் இல்ல. பாங்காக்குல ஆத்து நடுவுல தீவு, அதுல புத்தர் கோயில். அங்க போய் நின்னா பிக்குன்னு நெனைக்காம என்ன நெனைப்பாங்க?

ராஜவேலு: நான் இல்லன்னு கையை ஆட்டினேனே.

சுதா: ஆசீர்வாதம்னு நெனச்சி இன்னும் நாலு பேர் வந்தாங்க.

ராஜவேலு: சிரி, சிரி.

சுதா: பொம்பளைங்க உன்னைத் தொடக் கூடாதுன்னு என்னை வேற தள்ளி உக்கார வெச்சிட்டாங்க. கட்டிக்கினு முப்பது வருஷத்துல அன்னிக்குத்தான் நிம்மதியா உக்காந்தேன்.

ராஜவேலு: உனக்குப் பொறந்தது மட்டும் என்ன... படகுல கரைக்கு வர்ற வரைக்கும் அம்மு சிரிச்சிக்கினே வந்தா. அவன்தான் சிரிக்கல.

சுதா: எவன்?

ராஜவேலு: அதான்... அம்மு கூட அங்க வேலை செய்யறானே, அந்த ஊர்ப் பையன், கிட்டு.

சுதா: அவன் பேரு கிட்டி. நீ எப்போ கிட்டு ஆக்கின?

ராஜவேலு: வாயில வந்துடுச்சி. இங்க கொஞ்சம் உக்காரலாம்.

சுதா: உக்காரு. ஆனா சாயங்காலம் அம்மு போன் பண்ணுவா. அவனைக் கட்டிக்கறதப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா, மலைக்குப் போய்ட்டு வந்துதான் வாயைத் தொறப்பேன்றே. போன மாசம்தானே வந்து மொட்டை போட்ட? மறுபடியும் என்ன?

ராஜவேலு: முருகன்கிட்ட ஒண்ணு திருப்பி வாங்கணும்.

சுதா: முடியையா?

ராஜவேலு: வேண்டுதலை.

சுதா: போற பயணம் நல்லபடியா அமையணும்னுதானே மொட்டைன்ன?

ராஜவேலு: உன்கிட்ட அப்படிச் சொன்னேன். அவன் சங்காத்தம் விட்டுப்போவணும், அம்மு இங்கியே திரும்பி வந்துடணும்னு நேந்துக்கினேன். ஒரே பொண்ணு சுதா. அவ்ளோ தூரத்துல குடுத்துட்டு நான் எப்படி இருப்பேன்? பயந்துட்டேன்.

சுதா: ...போயும் போயும் இவர்கிட்டயா கேட்ட? வள்ளிக்காகக் கிழவன் வேஷம் போட்டுக்கினு தினைக்காட்டுல நின்னவரு.

ராஜவேலு: முடி எறக்கின பிறகுதான் அது ஞாபகம் வந்துச்சி.

சுதா: ஆங்... சரி. இப்ப ஏன் மனசு மாறுச்சி?

ராஜவேலு: கோயில விட்டுக் கெளம்பும்போது அவன் என் கால்ல விழுந்தான் பாரு. அவங்க ஊர்ல யார் வேணா கொஞ்ச நாளு பிக்குவா இருக்கலாமாமே. என்னையும் அப்படி நெனச்சிட்டான் போல, எழுப்பி விடலாம்னு தலையில கை வெச்சேன். அழுவறான் சுதா. சின்னப் பிள்ளையாட்டம் தேம்பறான். எனக்குக் கையை எடுக்க மனசே வரல. என் பொண்ணோட நல்லா இருன்னு சொல்லிட்டேன். அவனுக்குத் தமிழ் புரிஞ்சிருக்காது...

சுதா: புரியாதுதான்.

ராஜவேலு: ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கினு சிரிக்கிற?

சுதா: ஒண்ணுமில்ல.

ராஜவேலு: சுதா.

சுதா: அவன் பிக்குன்னு நெனச்சி விழல பாவா, மாமனாருன்னு நெனச்சி விழுந்தான். நான்தான் அம்முவை வெச்சி விழச் சொன்னேன். எங்க ஊர்ல மாமனார் தலையில கை வெச்சிட்டா சம்மதம்னு அர்த்தம்னும் சொல்லி வெச்சேன். அன்னிக்கே அவங்க வீட்டுல சொல்லிட்டான். எழுந்திரு, நேரமாவுது... சாயங்காலம் அம்மு கேக்கப்போறது சரியா வேணாமான்னு இல்ல, தேதி.