ஒரு ஆளுக்கு எதுக்கு ‘நீங்க’

“ஹலோ... ஹலோ... அப்பா, கேக்குதா?... நான் தான், கல்பனா... பாறைய வுட்டு எறங்காத, சிக்னல் பூடும்... ஆமா, ஆமா... துன்னுட்டேன். நீ இன்னா, சேனல்காரனுங்கள நாளைக்கும் வரச் சொல்லிக்கீறியாமே?...

எவ்ளோ பேரா?... ஒன் வீடியோவ ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டானுங்க... சிரிக்காத. மேல இன்னா எழுதிக்கீறான் தெரியுமா? ‘அதிகாரியை ஒருமையில் வெளுத்து வாங்கிய மலை விவசாயி’னு... வெளுக்குறதுன்னா துணி இல்லப்பா. திட்டுறது... தெரியும், நீ திட்டலன்னு எனக்குத் தெரியும்...”

கல்பனா நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். திருப்பத்தூரில் அந்த அதிகாரியின் அலுவலகத்தில்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, ஒப்பந்தத்தில். வெளுக்கப்பட்ட அதிகாரி பார்த்திபன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தார். போன வாரம் ரோடு போட இடம் பார்க்க மலையேறிப் போய்வந்த மனிதர்.

“நீ சொன்னது எனக்குத் தெரியாதா... ‘நீ இன்னா, மூணு வருசமா வர்றேன் வர்றேன்ற. வந்துட்ட இல்ல, ஒக்காரு, சாம அரிசிச் சோறு துன்னுட்டுப் போ’... ஆமா... ரெண்டு வாட்டி வாங்கித் துன்னாரா? சரி... ஆனா அவன் ‘வர்றேன் வர்றேன்ற’தோட வெட்டிட்டான். சோத்த வுட்டுட்டான்... ஏன்னா சோறு போட்டா எவன் பாப்பான்?...

அதான் சொல்றேன், கேளு. இங்க எங்க சாரு எங்கிட்ட வந்து, ‘ஏம்மா, ஒங்கப்பா ஒரு சாரி சொல்லி வீடியோ போட்டுடட்டும்’னு கேக்குறாரு. பாவம், அவரு பையன ஸ்கூல்ல கேலி பண்றானுங்களாம்... கோவமா இல்ல, நல்லாத் தான் கேட்டாரு. ஆனா வெள்ளிக்கிழம என் வேலைய இன்னொரு வருசம் நீட்டுறதுக்குக் கையெழுத்து போடப் போறது அவரு தான்... போட மாட்டேன்னு சொல்லல. நல்லாத் தான் கேட்டாரு. அதாம்பா பயமா கீது...

இன்னாது?... பேச்சு சுதந்திரமா? அந்த வார்த்தைய யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தது?... சேனல்காரனா. நெனச்சேன். அவனுக்கு ஒன் சுதந்திரம் வேணாம்பா, ஒன் கோவம் வேணும். நீ கோவமே படல... ‘இன்னும் காரமாப் பேசு தல’னு சொன்னானா? பாத்துக்கோ... ‘தல’யா? ஐயோ அப்பா...

சரி, ரெண்டே வரி. நான் சொல்றேன், பின்னாடியே சொல்லு. ‘மதிப்பிற்குரிய ஐயா’... ம். ‘நீங்க மலைக்கு வந்தது’... ‘ஐயா நீ’ இல்ல. ‘நீங்க’... எத்தினி பேரு வந்தாங்களா? ஒருத்தரு தாம்பா... ஒருத்தருக்கே ‘நீங்க’... ஆமா, கீழ அப்டித் தான்... தெரியும், நம்ம பக்கம் ‘நீங்க’ன்னா கூட்டம். இங்க ‘நீங்க’ன்னா மரியாத... சரி, சொல்லு. ‘நீங்க வா’ இல்லப்பா. ‘நீங்க வாங்க’...

சாமியா? ஆமா, சாமியையும் ‘நீ’ன்னு தான் கூப்புடுறோம். சாமி கான்ட்ராக்ட் வேலையில இல்ல, நான் கீறேன்...

நானா? எப்ப?... அம்மாகிட்டயா? ...ஹாஸ்டல்லேர்ந்து மொத லீவுக்கு வந்தப்பவா?”

கல்பனாவின் குரல் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

“...‘சாப்டீங்களாம்மா’ன்னு கேட்டனா?... இருக்கும். அங்க டீச்சருங்க அப்டித் தான் பழக்குனாங்க, ‘நீ’ன்னா அடிப்பாங்க... அம்மா இன்னா பண்ணுச்சு?... அழுதுச்சா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே... ‘பொண்ணு நம்மள வேத்தாளாக்கிட்டா’ன்னு... ராத்திரி பூராவா...

...

இல்ல, கீறேன். கேட்டுட்டுத் தான் கீறேன்...

இன்னாத்துக்குப்பா இவ்ளோ நாளா சொல்லல?... நான் எதுவும் அப்டி நெனச்சு... இல்லப்பா. வேத்தாளு இல்ல. நீ அப்டி...”

யாரோ முதுகுப் பக்கம் வந்து நின்றார். வீடியோ ஆச்சா என்று கேட்டார். கல்பனா திரும்பிப் பார்க்கவில்லை.

“இரு, எங்கப்பாகிட்ட பேசினு கீறேன் இல்ல. நீ போய் ஒக்காரு, வர்றேன்.”

பக்கத்து மேசையில் எழுந்து நின்று ஸ்டாம்ப் அடித்துக்கொண்டிருந்த ஈஸ்வரியின் கை மேலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் கல்பனா திரும்பினாள். பார்த்திபன்.

“...அப்பா. ஒரு நிமிசம்... இல்ல, ஒண்ணும் இல்ல... அவரு தான்... நான் ‘நீ’ன்னுட்டேன்... ஆமா, அவரத் தான். நேரா... சிரிக்காத, சொன்னேன் இல்ல, சிரிக்காத... தெரியல. அப்டியே நிக்குறாரு...

...

ஒக்காந்துட்டாரு.

...என் எதுருல தான், ஈஸ்வரி அக்கா சேர இழுத்துப் போட்டுனு... ஒரு மாரி பாக்குறாரு... இல்ல, கோவமான்னு தெரியல...

சார், அது... எங்கப்பாகிட்ட பேசுனாலே எனக்கு இந்தப் பேச்சு தான் வரும். திட்டறது இல்ல சார், வூட்டு ஆளுங்ககிட்ட பேசுற மாரி. அப்பாவும் ஒங்கள அப்டித் தான் சொல்லுச்சு. சாரி வீடியோ போடாது சார். நான் தான் போட வேணாங்குறேன்... வெள்ளிக்கிழம நீங்க இன்னா பண்ணணுமோ பண்ணுங்க...

அப்பா, கீறியா?... கைய நீட்டுறாரு... போனத் தான் கேக்குறாரு... ஒங்கிட்ட பேசணுமாம்...

வேணாம், அந்த ரெண்டு வரியெல்லாம் மறந்துடு. நீ எப்டிப் பேசுவியோ அப்டியே பேசு... ஆமாப்பா, ‘நீ’ன்னே சொல்லு... நெஜமாத் தான் சொல்றேன்... இந்தா, குடுக்குறேன்.”