பின்னாலிருந்து ஒரு முறை

என் தங்கை தவமலருக்கு இளம்பச்சை நிறம் பிடிக்கும். அதனால்தான் அந்தச் செருப்பைப் பச்சையில் வாங்கினேன். மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு, முன்பக்கம் மூடியது, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். இத்தனை மணி நேரம் விமானத்தில் இருந்தால் கால் வீங்கும், இறுக்கமான சப்பாத்து வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஷாமிலா, நான் பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தை டேனிஷில் மொழிபெயர்த்தது நீங்கள். அதில் பொய் கொஞ்சம்தான் இருந்தது. அந்த அதிகாரி நல்ல மனிதர், எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார், களைப்பாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். நான் ஒரு வசனம் சொன்னபோது மட்டும் உங்கள் பேனா சற்று நின்றது. என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஒன்றும் நடக்காதது போல மொழிபெயர்த்துக்கொண்டு போனீர்கள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு அது விளங்காது, உங்களுக்கு விளங்கும்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துப்புரவு செய்கிறேன். வருடத்துக்கு ஒரு காலை எங்களை எல்லாம் ஓர் அறையில் இருத்தி நகரும் படிகளைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். கோப்பியும் பாணும் உண்டு. கைப்பிடியைப் பிடி. ஓரத்தில் கால் முட்டாமல் நில். தள்ளுவண்டியும் குழந்தை வண்டியும் லிஃப்டில் போகட்டும். சேலை, நீளப் பாவாடை, சப்பாத்துக் கயிறு கவனம். படி முடிகிற இடத்தில் முன்னால் பார்த்துக் காலைத் தூக்கி வை. இதெல்லாம் எனக்குத் தேவாரம் போலப் பாடம். கடைசியில் பயிற்சி தருபவர் ஒரு பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்துக் காட்டுவார். மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு, முன்பாதி இல்லை. ரப்பர் வழுக்கி விலகாது, ஒட்டிக்கொண்டு கூடவே உள்ளே போகும் என்பார். இருபத்திரண்டு முறை அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலையில் பொறுப்பானவள். படியை நிறுத்துவதற்காகக் கீழேயும் மேலேயும் இருக்கிற சிவப்புப் பொத்தானை மூன்று முறை அழுத்தியிருக்கிறேன். ஒரு கிழவரின் கோட்டு, மேலேயிருந்து உருண்டு வந்த ஒரு பெட்டி, ஒரு குழந்தையின் சப்பாத்துக் கயிறு. அந்தக் குழந்தையின் தாய் இன்றைக்கும் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். பொத்தானை எட்டிப் பிடிக்க எனக்கு ஒரு நொடி போதும்.

இனித் தவமலர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு, எனக்கு இருபத்தைந்து. அம்மா அப்பா இருவரும் இல்லை. ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலையில் நான் வேலைக்குப் போய் அவளைப் படிப்பித்தேன். கலியாணம் கட்ட எனக்கு நேரம் இருக்கவில்லை, பிறகு விருப்பமும் இருக்கவில்லை. காலையில் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவேன். அவளுக்கு நாற்பத்தொன்பது வயதாகியும் அதை விடவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அவளுக்கும் கலியாணம் பேசி வந்தார்கள். முதலில் ஜெர்மனியில் ஒரு பெடியன். அவனுடைய தாய்க்கு நான் தொலைபேசி எடுத்து, தங்கைக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது, மறைக்க மனமில்லை என்றேன். பின்னர் பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர். அவருக்கும் அதையே சொன்னேன். வேறு ஒன்று யோசித்துப் பொய்க்கு மேல் பொய் அடுக்க எனக்குப் பிடிக்காது. மலர் இரண்டு முறையும் அழுதாள், இரண்டு முறையும் நான்தான் தேற்றினேன். இனி இந்தக் கதை எழும்பாது என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாரியில் ஒரு ஞாயிறு, புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ரொறன்ரோவில நித்தியானந்தன் எண்டு ஒருத்தர். மனிசி தவறி ஆறு வருசம். நாங்கள் ஒரு வருசமாக் கதைக்கிறம்."

நான் புட்டுக் குழலை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

"எனக்கு நாப்பத்தொன்பது வயசாச்சு. இனியும் ஆரும் பேசி முடிச்சுத் தருவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கேலாது. ரிக்கெற் எடுத்திட்டன்."

"திரும்பி வாற ரிக்கெற்றோ?"

"இல்லை அக்கா." என் தோளில் கை வைத்தாள். "நீங்களும் வாங்கோவன். அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

"பாப்பம்" என்றேன். புட்டு நன்றாக வந்திருந்தது. இருவரும் சாப்பிட்டோம். அவள் போய்விட்ட வீட்டில் ஒரு கோப்பையோடு தனியே இருப்பதை நினைக்கவே என்னால் முடியவில்லை. அது பயம்தான். பயத்தில் செய்வதைக் குற்றம் என்று சொல்வார்களா, எனக்குத் தெரியாது.

அவள் போகவேண்டியது சனிக்கிழமை காலை. முதல் நாள் மத்தியானம், பாதுகாப்புச் சோதனைக்கு ஏறுகிற நகரும் படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படி தரைக்குள் நுழைகிற இடத்தில் மஞ்சளாய் ஒரு பல்வரிசை இருக்கும், அதைச் சீப்பு என்போம். மேலே, வலப்பக்க ஓரத்தில், சீப்பில் மூன்று பல் உடைந்திருந்தது. என் இரண்டு விரல் போகிற இடைவெளி. இப்படி ஒன்றைக் கண்டால் கைபேசியில் படம் எடுத்து அனுப்பவேண்டும். அரை மணியில் ஆள் வந்து படியை மறித்துவிடுவான். நான் படம் எடுத்தேன். அனுப்பவில்லை. களைப்பில் மறந்துவிட்டேன் என்று வாக்குமூலத்தில் சொன்னதை அதிகாரி நம்பினார். அன்று மாலைதான் செருப்பும் வாங்கினேன்.

எங்கள் ஆட்கள் ஒருவரை வழியனுப்ப வான் பிடித்துப் பத்துப் பேர் வருவார்கள், உங்களுக்குத் தெரியும். நான் யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்துப் பேர் நின்றால் யாராவது ஒருவருடைய கை பொத்தானுக்குப் போகும்.

பெட்டியைக் கொடுத்து முடிந்ததும் மலர் லிஃப்ட் பக்கம் திரும்பினாள். அவள் நகரும் படியில் என்றைக்கும் கொஞ்சம் பயப்படுவாள்.

"அங்கை குழந்தை வண்டியளோடை வரிசையா நிக்கினம். இதிலை போ. வலப்பக்கம் ஓரமா நில், ஆக்கள் இடப்பக்கத்தாலை ஏறட்டும்" என்றேன்.

"நீங்கள் மேலை வரேல்லையே?"

"முழங்கால் நோகுது. நான் இதிலை நிண்டு பாக்கிறன்."

கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய் இறங்கியதும் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னாள். பிறகு ஏறினாள். ஓரமாகத்தான் நின்றாள், நான் சொன்னால் கேட்பாள். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, கடைசிப் படி வந்ததும் காலைத் தூக்கி வைக்கத் தயாராக நின்றாள். அப்படி நிற்க அவளுக்குப் பழக்கியதே நான்தான். அப்படியே விட்டால் ஒன்றும் ஆகாமல் மேலே போயிருப்பாள்.

இப்போது அந்த வசனம். "கடைசியாக ஒருக்கால் அவளைக் கூப்பிட்டேன்" என்று சொன்னேன். நீங்கள் அதை, பிரியப்போகும் தங்கையை அன்போடு அழைத்தாள் என்கிற மாதிரி மொழிபெயர்த்தீர்கள். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார், கண் கலங்கியிருந்தது. ஆனால் அதற்கு முன் உங்கள் பேனா நின்றது. ஏனென்றால் பயணம் போகிற ஒருவரை எங்கள் வீடுகளில் யாரும் பின்னால் நின்று கூப்பிடுவதில்லை. உங்கள் வீட்டிலும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

நான் அதில் மற்றவர்களை விடக் கடுமை. மலர் குடையை மறந்து வேலைக்குப் போனால், ஜன்னலால் ஒரு சத்தம் வைத்தால் போதும், நான் வைப்பதில்லை. பின்வாசல் படியால் மூன்று மாடி இறங்கி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றி ஓடி, அவளுக்கு முன்னால் போய் நின்றுதான் கொடுப்பேன். மழையிலும் ஓடியிருக்கிறேன். அக்காவுக்கு விசர் என்று சிரிப்பாள். இந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாள் கூட அவளை நான் பின்னால் கூப்பிட்டதில்லை. ஆகவே கூப்பிட்டால் உடனே திரும்புவாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னும் இரண்டு படி இருந்தது. "மலர்" என்றேன். பெரிதாகக் கத்தவில்லை.

திரும்பினாள். முழு உடம்பாலும் திரும்பினாள். அந்த முகத்தை நான் இங்கே எழுதவேண்டும். எனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது, விழப்போகிறேன், அதனால்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். என்னிடம் இறங்கி ஓடிவர ஒரு கையை நீட்டினாள். காலை அவள் பார்க்கவே இல்லை.

கமராவில் எல்லாம் பதிந்திருக்கிறது. ஆனால் அதில் சத்தம் இல்லை. பொத்தானில் கை வைத்தபடி ஒரு கிழவி உறைந்துபோய் நிற்பதுதான் தெரியும். நான் உறைந்துபோகவில்லை, ஷாமிலா. செருப்பின் ஓரம் அந்த உடைந்த பல்லிடைக்குள் போனதிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். செருப்பு மட்டும் போனால் அடுத்த விமானத்தில் போய்விடுவாள். ஐந்து வரை எண்ணிவிட்டு அழுத்தினேன். அதற்கு மேல் ஒரு எண் கூட எண்ணவில்லை. அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இடது காலில் பெருவிரலைத் தவிர மற்ற விரல்கள் இல்லை. பாதத்திலும் பாதி போய்விட்டது. டொக்டர் நடப்பாள் என்றுதான் சொல்கிறார், தூரம் நடக்கமாட்டாள். நித்தியானந்தன் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டே இருந்தார், தான் புறப்பட்டு வருவதாகவும் சொன்னார். மலர் அவரோடு கதைக்க விரும்பவில்லை, அவளை வருத்தவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவளுடைய கைபேசி அன்று விழுந்து உடைந்தது. திருத்தக் கொடுக்க எனக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூன்றாம் கிழமை, தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன் அக்கா கூப்பிட்டனீங்கள்?"

"சும்மா. ஒருக்கால் உன்ரை முகத்தைப் பாக்கோணும் போலை இருந்தது."

என் கையிலிருந்த சீப்பை மெல்ல வாங்கி மேசையில் வைத்தாள். அன்றிலிருந்து தலையைத் தானே இழுக்கிறாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. காயம் பட்டவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

இதை நீங்கள் டேனிஷில் எழுதி அந்த அதிகாரியிடம் கொடுத்தாலும் எனக்கு உங்கள் மீது வருத்தமில்லை. ஆனால் யோசியுங்கள். நான் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

போன கிழமை கொமூன் நகரசபையிலிருந்து உதவிக்கு வருகிற பெண்ணைக் கொண்டு, மலர் தன் அறைக் கதவுக்கு உட்பக்கமாக ஒரு பூட்டுப் போடுவித்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் பூட்டு எதற்கு? வெளியிலிருந்து யாரோ வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள், பாவம். அதனால் ஒவ்வொரு நாள் காலையும் வேலைக்குப் போகுமுன் அவள் கதவடியில் நின்று, பயப்படாதை மலர், அக்கா இஞ்சைதான் நிக்கிறன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.