காலிப் பெட்டி

— கட். சரியில்ல. பெட்டி காலின்னு பாக்கறவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.

— காலிதானேங்க. நீங்கதான் காலிப் பெட்டி போதும்னீங்க.

— போதும்னுதான் நெனச்சேன். நீ காய்கறிப் பையத் தூக்கற மாதிரி தூக்கற. வீட்ட விட்டுப் போறவ அப்படித் தூக்க மாட்டா.

— பின்ன எப்படித் தூக்குவா?

— தோள் ஒரு பக்கமா சாயும். மூணு வாரம் வகுப்புக்குப் போனேனே, சும்மாவா போனேன்? ஒரு ஆள், ஒரு இடம், ஒரு ஆசை. குறும்படத்துக்கு அடிப்படையே அதுதான். ஆள் நீ. இடம் நம்ம முன்னறை. ஆசை, போகணும்.

— எங்க போகணும்?

— அது கதைக்குத் தேவையில்ல.

— போறவளுக்குத் தெரியணுமேங்க.

— அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். எனக்குத் தெரிய வேண்டியதில்ல. பெட்டில எதையாவது போட்டுக் கனமாக்கு. செங்கல் இருக்கா?

— மூணாவது மாடில செங்கலுக்கு நான் எங்க போவேன்? என் துணியவே போடறேன்.

— போடு. ஒரு வாரத்துக்கு ஆகற மாதிரி போடு. மணி என்ன?

— மூணரை. அஞ்சு மணிக்கு எனக்கு பஸ்.

— ஆறு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பியாகணும். வெட்டி ஒட்ட ஒரு மணி நேரமாவது வேணும். ஜன்னல் வெளிச்சம் வேற நாலரைக்கு மேல எதிர்வீட்டுச் சுவருக்குப் போயிடும்.

— பஸ்சுன்னு சொன்னேன்.

— கேட்டுச்சு. அந்த வசனம் வேண்டாம். ரொம்ப விளக்குது.

— அது வசனம் இல்லீங்க.

— வசனமே வேண்டாங்கறேன். காட்டணும், சொல்லக் கூடாது. அடிப்படையே அதுதான்.

— மேஜை மேல லெட்டர் வெச்சு நாலு நாளாச்சு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வேலைல சேரணும்னு போட்டிருக்கு. ரெண்டு வருஷமா எழுதி எழுதிப் போட்டு இப்பத்தான் கெடச்சிருக்கு. நீங்க இன்னும் படிக்கக்கூட இல்ல.

— மேஜை மேல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? வெள்ளைத் தாள் ஃப்ரேம்ல கண்ணக் குத்துது. எடுத்துடு.

— பெட்டிலயே வெச்சிடறேன்.

— வை. கனமும் கூடும்.

— படிக்கலியா?

— படம் முடியட்டும்மா. ஃபேன நிறுத்து, சத்தம் வருது. ஃப்ரிட்ஜும் உறுமுது, நிறுத்தியாச்சா?

— நிறுத்திட்டேன். ஃப்ரிட்ஜுக்குள்ள ஏன் நம்ம ரெண்டு பேர் வீட்டுச் சாவியும் கெடக்குது?

— நாந்தான் போட்டேன். ஷூட்டிங்குக்காக ஃப்ரிட்ஜ நிறுத்தினா திரும்பப் போட மறந்துடுவோமாம். சாவிய உள்ள வெச்சுட்டா, வெளிய போறப்ப சாவி தேடியாவது தொறப்போம். வகுப்புல சொன்னாங்க.

— நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது சரி, கேமரா திரைல எதுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கீங்க?

— டைரக்டர் நடிக்கறவங்களப் பாக்கணும், திரையப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எனக்குக் கண்ணு அங்கதான் போகுது. அதான் ஒட்டிட்டேன்.

— அப்ப அது ஓடுதா இல்லியான்னு எப்படித் தெரியும்?

— பட்டன் எதுக்கு இருக்கு? ஒரு தடவ அமுக்கினா ஓடும். மறுபடி அமுக்கினா நிக்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சோதனைக்கு ஒரு தடவ அமுக்கிப் பாத்தேன். நல்லா வேல செய்யுது. நில்லு, ஆரம்பிக்கறேன். ஆக்‌ஷன்.

— ...

— கட். தோள் நல்லா சாஞ்சது. ஆனா கதவுகிட்ட ஏன் நின்ன?

— நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு.

— யாரு, நானா? படத்துல புருஷன் கெடையாது.

— கல்யாணம் ஆனவன்னுதானே எழுதியிருக்கீங்க?

— ஆனவதான். அவன் வீட்ல இருக்கான். ஃப்ரேம்ல இல்ல. ரெண்டு ஆள் வந்தா கதை சிக்கலாயிடும்.

— அவ எதுக்குங்க போறா? அதையாவது சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறேன்.

— அதான் எனக்கும் பிடிபட மாட்டேங்குது. பதினோரு தடவ எழுதிப் பாத்தேன். அடிக்கறவனா வெச்சேன், பொய்யா இருந்துச்சு. குடிக்கறவனா வெச்சேன், அதுவும் ஒட்டல. நல்லவன்தான். அவ எதுக்குப் போகணும்? அதனால காரணத்தையே எடுத்துட்டேன். பாக்கறவங்க யோசிச்சுக்கட்டும்.

— ஒருவேள, அவ சொல்லிச் சொல்லிப் பாத்திருப்பாளோ என்னவோ.

— எத?

— எதையோ. அவன் அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்னு சொல்லியிருப்பான்.

— அதுல ஒரு நாடகமே இல்லியேம்மா. அதுக்கெல்லாம் ஒருத்தி பெட்டியத் தூக்குவாளா? ஆமா, பெட்டில என்னென்ன போட்ட?

— துணி. சர்டிபிகேட். சீப்பு. மாத்திரை.

— சார்ஜர்? இந்தக் காலத்துல எவ சார்ஜர் எடுக்காம வீட்ட விட்டுப் போவா? இந்த மாதிரி சின்ன விஷயந்தான் நம்ப வைக்கும்.

— அட ஆமாங்க, மறந்தே போயிருப்பேன். நல்லவேள சொன்னீங்க.

— பாத்தியா, இப்பத்தான் நீ அந்தப் பாத்திரமாவே மாறுற. இன்னொரு விஷயம். இப்பப் போறப்ப கதவுகிட்ட நிக்காத. படி எறங்கற சத்தம் முழுசா வேணும். கீழ தெரு வரைக்கும் எறங்கு.

— எறங்கிட்டு?

— நான் கட் சொல்ற வரைக்கும் நடந்துகிட்டே இரு.

— தெருவுல இருந்தா கட் சொன்னது கேக்காதேங்க.

— கேக்கலன்னா நடந்துகிட்டே இரு.

— சரிங்க. மணி நாலு இருபது. கடைசியா கேக்கறேன், லெட்டர்ல என்ன இருக்குன்னு ரெண்டு நிமிஷம் பாக்கறீங்களா?

— வெளிச்சம் போகுதும்மா. நாலரைக்கு மேல என்ன வேணா படிக்கறேன்.

— சரி. அப்ப நான் வரட்டுங்களா?

— என்னப் பாத்துப் பேசாத, கண்ணு கதவுலயே இருக்கணும். ரெடி. ஆக்‌ஷன்.

— ...

— கட். கட்டு. அட, இது நடிப்பு. நல்லா இருந்துச்சு, மேல வா. வாம்மா, போதும், நல்லாத்தான் இருந்துச்சு. ஏய், எங்க போயிட்ட? வா.

— ...

— ஹலோ. எங்க இருக்க? நான் கட் சொல்லி அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

— பஸ்ல இருக்கேங்க. ஜன்னலோரம் கெடச்சுது.

— எந்த பஸ்?

— அஞ்சு மணி பஸ். மத்தியானத்துலேர்ந்து சொல்லிட்டுத்தானே இருந்தேன்.

— அது இருக்கட்டும். இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. தாளப் பிரிச்சுப் பாத்தேன். சோதனைக்கு அமுக்கினேன்ல, அப்பவே ஓட ஆரம்பிச்சிருக்கு. அதனால நான் ஆக்‌ஷன் சொன்னப்பல்லாம் நின்னிருக்கு. கட் சொன்னப்பல்லாம் ஓடியிருக்கு.

— அப்ப ஒண்ணுமே பதிவாகலியா?

— ஆகியிருக்கு. நடுவுல நம்ம பேசினது மொத்தமும் இருக்கு. நீ போறது மட்டும் இல்ல. கொஞ்சம் திரும்பி வந்து, ஒரே ஒரு தடவ போயிட்டுப் போயிடேன்.

— வண்டி கெளம்பிடுச்சுங்க.

— ஓ.

— பேசினது எப்படி வந்திருக்கு?

— வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு. நீ லெட்டருங்கற. நான் வெள்ளைத் தாள்ங்கறேன். நீ பஸ்சுங்கற. நான் வசனம் வேண்டாங்கறேன். புருஷனே இல்லாத படம்னு சொன்னேன். பூரா அவன்தான் பேசறான். வாயே மூடல.

— முழுசாப் பாத்தீங்களா?

— லெட்டர் பத்திப் பேசினத மட்டும் ரெண்டு தடவ பாத்தேன். எனக்குக் கஷ்டமா இருக்கு. நீ சொன்னப்ப நான் காது குடுத்திருக்கணும்.

— ஃப்ரிட்ஜப் போட்டீங்களா?

— போடத்தான் தொறந்தேன். உள்ள ஒரு சாவிதான் இருக்கு.

— இன்னொண்ணு என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை சாயந்திரம் வந்தா கதவத் தொறக்கணுமில்ல. நீங்க வெளிய போயிருப்பீங்க.

— நான் வீட்லதான் இருப்பேன்.

— சரி, பாப்போம். மணி அஞ்சாயிடுச்சு. போட்டிக்கு என்ன அனுப்புவீங்க?

— என்னத்த அனுப்பறது? அவ கதவத் தாண்டிப் போற காட்சியே இல்லாம என்ன படம்?

— கடைசில என்ன இருக்கு?

— கடைசில நீ இல்ல. காலி அறை. நான் உள்ள வந்து, கதவப் பாத்து, நல்லா இருந்துச்சு, வான்னு சொல்றேன். யாரும் வரல. மறுபடியும் வான்னு சொல்றேன். அப்படியே நிக்கறேன்.

— அதாங்க முடிவு. அங்கயே வெட்டி, ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க.