ஒன்பதைப் பத்தாக்கி எங்களைக் குழப்பிய மிஸ் வெர்டெலுக்கு

பதிவேடுகளின் பேரரசியே! பெயர்களைப் பிழையின்றிப் பேணிய பெருமாட்டியே! நியூ ஆர்லியன்ஸின் கிழக்கே, இழுத்து மூடிய அங்காடிக் கட்டடம் ஒன்றில் நம் பள்ளி பிறந்த நாள்முதல் பதினெட்டு ஆண்டுகளாக, வந்த பிள்ளை யார், வராத பிள்ளை எங்கே என்று வாசலறையில் விழித்திருந்த விழியே! மிஸ் வெர்டெல் நார்சிஸ் அம்மையீரே! வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலில் தங்களைப் புகழ்வதா, தங்கள்மேல் புகார் சொல்வதா என்று எங்களுக்கு இன்னும் தெளிவாகவில்லை. எண்ணிக்கையில் தவறமாட்டார் என்று நம்பி, எழுதும் பொறுப்பைக் கணித ஆசிரியர் ஹுய் டிரானிடம் ஒப்படைத்தோம். ஏழு நாளாக அவர் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தார். ஐந்தாவதைத்தான் இப்போது வாசிக்கிறோம், பொறுத்தருள்க!

நம்முடையது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்வு முடிவுகளைக் காட்டி அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு கதவடைப்பு. ஆறாண்டுக்கு முன் அப்படியொரு மே மாதம் நெருங்கியபோது, நம் அத்தனை பேரையும் ஆட்டிவைத்தது ஓர் எண்.

அரசின் ஆண்டறிக்கை பிள்ளைகளைப் பிரிவு பிரிவாக எழுதும்: கறுப்பினத்தவர் இத்தனை, ஆசியர் இத்தனை, ஸ்பானிய வழியினர் இத்தனை, வீட்டில் வேறுமொழி பேசி இங்கே ஆங்கிலம் கற்போர் இத்தனை என்று. ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைந்தால் அதன் தேர்ச்சி அச்சாகாது, நட்சத்திரக் குறி ஒன்றுதான் விழும். மொத்த மதிப்பீட்டிலும் அந்தப் பிரிவு சேராது. ஆங்கிலம் கற்போர் நம்மிடம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் தேர்வில் தத்தளித்தார்கள். அந்த நட்சத்திரத்தின் புண்ணியத்தில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

அந்தப் பிப்ரவரியில் ஹோண்டுராஸிலிருந்து வந்து சேர்ந்தாள் பதின்மூன்று வயது நெல்சி சுவாசோ. சேர்க்கைப் படிவத்தில், "வீட்டில் பேசும் மொழி எது?" என்ற கேள்விக்கு அவள் தாய் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை."

நிர்வாகக் குழு அனுப்பி, அந்தப் படிவத்தோடு தங்கள் மேசைக்கு வந்தவர் இதே டிரான்தான்.

"பாத்தீங்களா மிஸ் வெர்டெல், வேற மொழியே எழுதல. அப்ப இந்தப் பொண்ணு அந்தப் பிரிவுல வரமாட்டா. ஒன்பது ஒன்பதாவே இருக்கட்டும்."

"பேசறதில்லன்னு எழுதினா ஊமைக் குடும்பம்னு அர்த்தமா கண்ணு? நேத்து அந்தப் புள்ள கழிப்பறை எங்கன்னு கேக்கத் தெரியாம கால் மாத்தி நின்னுச்சு. நீ பாக்கலயா?"

"பாத்தேன். ஆனா மே மாசம் பள்ளிக்கூடத்த மூடினா எல்லாருக்கும் வேலை போயிடும். உங்களுக்கும் சேத்துத்தான்."

"போனா வறுத்த மீன் விப்பேன், நீ வந்து கணக்குப் பாரு. இப்ப தள்ளு, போன் பண்ணணும்."

அம்மையீரே! நான்கு நாளில் பத்து முறை அடித்தீர்கள், யாரும் எடுக்கவில்லை. பதினோராவது முறை அந்தத் தாய் எடுத்தபோது டிரான் பக்கத்திலேயே நின்றிருந்தார். தாங்கள் ஒலிபெருக்கியில் போட்டு, உடைந்த ஸ்பானிய மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்டதும், அந்தத் தாய் கொட்டித் தீர்த்ததும் டிரானின் காதில் இன்றைக்கும் இருக்கின்றன.

"யாருங்க இங்க பேசறது? ஓட்டல்ல துணி வெளுக்கற வேலை, ரெண்டு ஷிப்டு. நான் வரும்போது அவ தூங்கறா. அவ எந்திரிக்கும்போது நான் இல்ல. கேட்டீங்க, உள்ளதத்தான் எழுதினேன்."

"சரி தாயி, தூக்கத்துல உளறுவாளா? எந்த மொழில உளறுறா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது, சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. "ஸ்பானிஷ்தாங்க. யார்கூடயாவது சண்டை போடற கனவுன்னா மட்டும் கரிஃபுனா, எங்க சாதிசனத்தோட பேச்சு."

தாங்கள் இரண்டு மொழியையும் எழுதினீர்கள். ஒன்பது பத்தாயிற்று. நட்சத்திரம் போயிற்று. பத்துப் பேரில் ஒருவர் தேர்ச்சி என்று ஊரறிய அச்சாயிற்று. 'சி' என்றிருந்த பள்ளியின் தரம் 'டி' ஆயிற்று. ஐந்தாண்டு அனுமதியை எதிர்பார்த்த இடத்தில், திருந்துங்கள் பார்க்கலாம் என்று ஓராண்டு மட்டும் தந்தார்கள்.

அதன்பின் நாங்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல நா கூசுகிறது. திங்கட்கிழமைதோறும் தாங்கள் கொண்டுவரும் சிவப்பு பீன்ஸுக்கும் சோற்றுக்கும் தட்டேந்தி நின்ற கூட்டம் தங்கள் மேசைப் பக்கமே வரவில்லை. டிரான் மூன்று மாதம் தங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. தாங்களோ திங்கள் தவறாமல் அதே பெரிய சட்டியைக் கொண்டுவந்து, முக்கால் சட்டியை அப்படியே திருப்பி எடுத்துப்போனீர்கள்.

அச்சான எண்ணை மேலிடத்தில் காட்டிக் கேட்டதால் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் வந்தார், மறுவருடம் இன்னொருவர் வந்தார். இன்று அந்தப் பிரிவில் முப்பத்து நான்கு பேர், தேறியவர் பத்தொன்பது. பள்ளியின் கதவு திறந்தே இருக்கிறது. இதற்குக் காரணம் தாங்களா, புதிய ஆசிரியர்களா, வந்த பிள்ளைகளின் கெட்டித்தனமா? டிரான் வரைபடம் போட்டுப் பார்த்தார். கோடு மேலே போகிறது. ஏன் போகிறது என்று கேட்டால் விழிக்கிறார்.

அவருக்கு விளங்காதது இன்னொன்றும் உண்டு. இதே வட்டாரத்தில் அவர் பள்ளியில் சேர்ந்தபோது, அவருடைய தந்தை 'வீட்டில் பேசும் மொழி ஆங்கிலம்' என்று கௌரவத்துக்காக எழுதிவிட்டார். வீட்டில் இருந்ததெல்லாம் வியட்நாமிய மொழிதான். இரண்டு வருடம் ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவன், வளர்ந்து, தங்களிடம் வந்து ஒன்பதாகவே இருக்கட்டும் என்று எப்படிக் கேட்டான்? ஆறு வருடமாக யோசித்தும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. இந்தச் சபையில் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

இவ்வளவோடு முடித்து, நீடூழி வாழ்க என்று எழுதத்தான் பேனாவை எடுத்தார். அப்போது நெல்சி ஒரு தாளோடு வந்து நின்றாள். ஆம், படிப்பை முடித்து, வரும் திங்கள் முதல் தங்கள் நாற்காலியில் அமரப்போகும் நம் நெல்சிதான்.

"சார், மிஸ் வெர்டெலோட ஓய்வூதியப் படிவம். கடைசி கேள்வியப் பாருங்க."

வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டிருந்தார்கள். தங்கள் முத்து முத்தான கையெழுத்தில் பதில் இருந்தது: "எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை."

"எங்கம்மா எழுதின மாதிரியே இருக்கு சார். கிண்டலுக்கு எழுதினாங்களா, நெசமாவே எழுதினாங்களா?"

டிரானுக்குத் தெரியவில்லை. எங்களில் எவருக்கும் தெரியவில்லை. தங்கள் கணவர் மறைந்து இரண்டாண்டு ஆகிறது, மகன் ஹூஸ்டனில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். பதிவேட்டுக்காக ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் விசாரித்த தங்களை, மாலையில் வீட்டுக்குப் போனால் யாரிடம் பேசுவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆயினும், அருந்திறல் அம்மையீரே! படிவத்தில் இப்படியொரு பதில் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தவர் தாங்களே! எனவே அந்தப் படிவத்தை நாங்கள் இன்னும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை நண்பகல் தங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். நெல்சி பேசுவாள். எடுக்காவிட்டால் பதினோரு முறை அடிப்பாள். அதற்கும் எடுக்காவிட்டால் டிரான் தட்டோடு நேரில் வருவார். சட்டி நிறைய பீன்ஸ் இருக்கட்டும். நோய்நொடி அண்டாமல், நூறாண்டு கடந்தும், எங்களோடு வாயாடிக்கொண்டே வாழ்க!

இங்ஙனம்,
தங்கள் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும்.

பி.கு.: டிரான் எண்ணியபடி பணியாளர் நாற்பத்தொருவர். நெல்சி எண்ணினால் நாற்பத்திரண்டு வருகிறது. தங்களை அவள் இன்னும் கழிக்கவில்லை.